நினைவு உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கும் புதுப் படக்காரர்களுக்குச் சில விஷயங்கள்

கல்யாணங்களுக்குப் படம் எடுத்துக்கொண்டு, நடுவில் கிடைக்கிற நாட்களில் சொந்தமாக ஒரு புகைப்படத் தொடர் எடுத்துக்கொண்டிருக்கும் ஆட்களை எனக்கு நிறையத் தெரியும். நானும் அப்படித்தான், இப்போதும் பெரும்பாலும் அப்படித்தான். அந்தச் சொந்த வேலை பாதியில் நின்றுகொண்டிருந்த சமயத்தில் எனக்கு ஒரு சின்ன உதவித்தொகை கிடைத்தது. இளம் வயதில் இறந்துபோன ஒரு புகைப்படக்காரரின் நினைவாக அவர் வீட்டாரும் நண்பர்களும் சேர்ந்து வைத்திருக்கும் நிதி. சில வருடம் கழித்து அதே நிதிக்கு வரும் விண்ணப்பங்களை முதல் சுற்றில் படித்துக் கொடுக்கச் சொன்னார்கள், அதையும் செய்துவருகிறேன். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால் ‘அண்ணா, என் ஃபைலைக் கொஞ்சம் பாருங்க’ என்று போன் வரும், அது யாருக்கும் நல்லதில்லை. கேட்டு வாங்கியவனாகவும் கேட்பவர்கள் எழுதுவதைப் படிப்பவனாகவும் இருந்ததில் தெரிந்துகொண்டவற்றை மட்டும் சொல்கிறேன்.

முதலில், இந்த மாதிரி நிதிகள் எப்படி உருவாகின்றன என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். அவர்கள் என்ன எதிர்பார்க்கிறார்கள் என்பதும் அதற்குள்ளேயே இருக்கிறது.

இயன் பாரி என்ற பிரிட்டிஷ் இளைஞர், 1989 டிசம்பரில் ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி கவிழ்ந்தபோது லண்டன் சண்டே டைம்ஸ் பத்திரிகைக்காகப் படம் எடுக்கப் போனார். அங்கிருந்து வெளியேறும்போது அவர் ஏறிய விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது. வயது 24. அந்தப் பத்திரிகையில் படங்களுக்குப் பொறுப்பாசிரியராக இருந்த ஏடன் சல்லிவனும் பாரியின் வீட்டாரும் நண்பர்களும் சேர்ந்து அவர் பெயரில் உதவித்தொகை ஆரம்பித்தார்கள். முழுநேரப் புகைப்பட மாணவராக இருக்க வேண்டும், இல்லையென்றால் 24 வயதுக்குள் இருக்க வேண்டும் என்று நீண்ட காலம் விதி வைத்திருந்தார்கள். அந்த எண் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஊகிப்பது கஷ்டமில்லை. இதுவரை எடுத்த படங்களோடு, பணம் கிடைத்தால் என்ன எடுப்பேன் என்ற திட்டத்தையும் சேர்த்து அனுப்ப வேண்டும். பின்னால் பெயர் பெற்ற யோனாஸ் பெண்டிக்சன், மார்கஸ் ப்ளீஸ்டேல் போன்றவர்கள் இந்த வழியாக வந்தவர்கள்தான். நம் பக்கத்து நாடான பங்களாதேஷிலிருந்து ஃபர்ஸானா ஹொசென் இதைப் பெற்றார், அமில வீச்சில் பிழைத்த பெண்களைப் பற்றிய தொடருக்காக.

அமெரிக்காவில் அலெக்ஸியா நிதி. அலெக்ஸியா ட்சைரிஸ் சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் புகைப்பட இதழியல் படித்த பெண், லண்டனில் ஒரு பருவம் படித்துவிட்டு கிறிஸ்துமஸுக்கு வீடு திரும்பிக்கொண்டிருந்தார். 1988 டிசம்பர் 21 அன்று ஸ்காட்லாந்தின் லாக்கர்பி ஊருக்கு மேலே பான் ஆம் 103 விமானத்தில் குண்டு வெடித்ததில் இறந்த 270 பேரில் அவரும் ஒருவர். சிரக்யூஸின் வெளிநாட்டுப் படிப்புத் திட்டத்தில் போயிருந்த மாணவர்கள் மட்டுமே அந்த விமானத்தில் 35 பேர். அவருடைய அப்பா அம்மா 1991இல் அந்த நிதியை ஆரம்பித்தார்கள், மாணவர்களுக்கும் தொழில்முறைப் படக்காரர்களுக்கும் கொடுத்தார்கள். யூஜின் ஸ்மித் நிதியின் கதை வேறு மாதிரி. ஜப்பானின் மினமாட்டாவில் பாதரச நச்சால் பாதிக்கப்பட்டவர்களோடு தங்கிப் படம் எடுத்த அந்த மனிதர் 1978இல் இறந்தார், 1980இல் முதல் உதவித்தொகை ஜேன் எவலின் ஆட்வுட்டுக்குப் போனது, 1982இல் செபாஸ்டியாவ் சல்காடோவுக்கு. இங்கே பெங்களூருவில், டோட்டோ என்று எல்லோரும் கூப்பிட்ட அங்கிரஸ் வெல்லானி இளம் வயதில் இறந்த பிறகு 2004இல் அவர் பெயரில் ஆரம்பித்த அமைப்பு 30 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு இசை, எழுத்து, புகைப்படம் என்று பல துறைகளில் விருதுப் பணம் கொடுத்துவந்திருக்கிறது. எழுத்தில் ஆங்கிலமும் கன்னடமும் உண்டு, தமிழுக்கு இந்த மாதிரி ஒன்றை இங்கே யாராவது ஆரம்பித்தால் நன்றாக இருக்கும் என்று எனக்கு ஒவ்வொரு முறையும் தோன்றும். படத்துக்கு மொழி தேவையில்லை என்று சொல்வார்கள். விண்ணப்பத்துக்குத் தேவை.

இவையெல்லாம் ஒரே அளவில் இல்லை. சிலது பெரிய தொகை, சிலதில் போக வர பஸ் செலவும் பிரிண்ட் செலவும்தான் தேறும். ஆனால் எல்லாவற்றுக்கும் பின்னால் ஒரு ஆள் பாதியில் விட்டுப்போன வேலை இருக்கிறது. போட்டிகளோடு ஒப்பிட்டால் இதுதான் வித்தியாசம். போட்டியில் இதுவரை என்ன எடுத்தாய் என்று பார்ப்பார்கள், அதோடு முடிந்தது. இங்கே இனிமேல் என்ன செய்யப்போகிறாய், செய்து முடிப்பாயா என்று பார்ப்பார்கள். எங்கள் நிதியில் கடைசிச் சுற்றுக்கு வரும் சில விண்ணப்பங்களை இறந்துபோன படக்காரரின் அம்மாவும் படிப்பார். அவருக்கு அப்பர்ச்சரும் தெரியாது, ஃப்ரேமிங்கும் தெரியாது. நாங்கள் ஒளி, தொகுப்பு என்று பேசி முடித்த பிறகு, “தம்பி, இந்தப் பிள்ளை முடிச்சிடுமா?” என்று கேட்பார். எங்களில் பாதிப் பேருக்கு அந்த இடத்தில் பதில் இருக்காது. இப்போதெல்லாம் ஒரு விண்ணப்பத்தைக் கையில் எடுத்ததும் நானும் அந்தக் கேள்வியோடுதான் படிக்கிறேன்.

இதிலிருந்து ஒரு முக்கியமான விஷயம். இறந்தவரைப் பற்றி உருகி எழுதாதீர்கள். ‘அவரைப் போலவே நானும் உயிரைப் பணயம் வைத்துப் படம் எடுப்பேன்’ என்று ஒவ்வொரு வருடமும் யாராவது எழுதுகிறார்கள். நல்ல எண்ணத்தில்தான் எழுதுகிறார்கள். ஆனால் அதைப் படிக்கப்போவது பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு வீடு, இன்னொரு பிள்ளை செத்துப்போக அவர்கள் பணம் கொடுக்க மாட்டார்கள். லிபியாவில் மிஸ்ராட்டா நகரத்தில் 2011 ஏப்ரல் 20 அன்று போர்ப் படம் எடுக்கப் போயிருந்த டிம் ஹெதரிங்டனும் கிறிஸ் ஹோண்ட்ரோஸும் குண்டுவீச்சில் இறந்தார்கள். ஹெதரிங்டன் ரத்தம் வெளியேறித்தான் இறந்தார். கூட இருந்தவர்களுக்கு முதலுதவி தெரிந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாமோ என்ற கேள்வி அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கரை விடவில்லை, அவர் சுதந்திரப் பத்திரிகையாளர்களுக்கு முதலுதவி கற்றுக்கொடுக்கும் ஒரு அமைப்பையே தொடங்கினார். நினைவு நிதி நடத்துகிறவர்களின் மனசு இந்தப் பக்கம்தான் இருக்கும். அதனால் கடலுக்குப் போகும் திட்டம் என்றால் லைஃப் ஜாக்கெட் செலவைப் போடுங்கள், யாருடைய படகில் போகிறீர்கள், போகும்போது கரையில் யாரிடம் சொல்லிவிட்டுப் போவீர்கள் என்று 2 வரி எழுதுங்கள். பட்டாசு ஆலையோ சாயப்பட்டறையோ என்றால் உள்ளே எப்படிப் போவீர்கள், உங்களால் அங்கே வேலை செய்பவரின் வேலை போகாமல் எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள் என்று எழுதுங்கள். இதை யாரும் கேட்கவில்லையே என்று நினைக்க வேண்டாம். கேட்காமலே எழுதியிருப்பவர்களின் பெயர் எங்களுக்குள் பேச்சில் வரும்.

நீங்கள் விண்ணப்பிக்கும் நிதி யார் பெயரில் இருக்கிறதோ, அந்தப் படக்காரர் எடுத்த படங்களைக் கட்டாயம் பாருங்கள். அவரைப் போல எடுப்பதற்காக இல்லை, அவருக்கு எதில் அக்கறை இருந்தது என்று தெரிவதற்கு. மூன்று வருடம் ஒரே தெருவில் நடந்து படம் எடுத்த ஒருவரின் பெயரில் இருக்கும் நிதிக்கு, 6 மாநிலம் சுற்றி வரும் திட்டத்தை அனுப்பினால் அது எவ்வளவு நல்ல திட்டமாக இருந்தாலும் ஒட்டாது.

அடுத்தது, எதை எடுப்பது. உப்பளம், ஜல்லிக்கட்டு, கூவாகம் திருவிழா, காசி படித்துறை. இந்த நான்கும் வராத வருடம் இல்லை. எடுக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தூத்துக்குடி உப்பளத்தில் பெற்றோர் வேலை செய்யும் வீட்டுப் பையன் எடுத்தால் அது வேறு படம், எனக்குத் தெரியும். ஆனால் சென்னையிலிருந்து ஒரு வார இறுதிக்குப் போய் வெள்ளை உப்பில் கறுத்த கால்களை எடுத்துவிட்டு வருபவர்களின் படங்கள் எல்லாம் ஒன்று போலவே இருக்கின்றன, யார் எடுத்தது என்று எடுத்தவருக்கே அடையாளம் தெரியுமா என்பது சந்தேகம். கூவாகத்தில் சித்திரையில் கேமராவோடு வரும் கூட்டத்தைப் பார்த்திருப்பீர்கள். தாலி அறுக்கும்போது முகத்துக்குப் பக்கத்தில் லென்ஸை நீட்டிக்கொண்டு நிற்கும் அந்த வரிசையில் இன்னும் ஒரு ஆளாக நிற்க எதற்கு உதவித்தொகை?

எனக்கு மனதில் நின்ற ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன், ஆள் அடையாளம் தெரியாமல் விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்ததே, அப்போது எல்லாச் சேனலும் அங்கே இருந்தது. எண்ணெய் பூசிய கூழைக்கடா, கறுத்த படகு, கையை விரித்துக் காட்டும் மீனவர். கொஞ்ச நாளில் எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். அந்தப் பெண் அங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில் குடியிருப்பவள். ஆற்றில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிக்கும் பெண்களை, இருளர் வீட்டுப் பெண்கள்தான் அதிகம், அவள் அதற்கு முன்பே படம் எடுத்துக்கொண்டிருந்தாள். எண்ணெய் வந்த பிறகு அவர்கள் எப்போது மறுபடி தண்ணீரில் இறங்கினார்கள், இறாலை யார் வாங்கினார்கள், யார் வாங்கவில்லை, கையில் அரிப்பு வந்தபோது எங்கே போனார்கள், இதையெல்லாம் அடுத்த ஒரு வருடம் தொடர்வது என்று எழுதியிருந்தாள். முதல் பத்தியிலேயே ஆள், இடம், காலம் எல்லாம் இருந்தது. படங்கள் சில இடத்தில் ஃபோகஸ்கூட சரியில்லை. ஆனால் அவள் முடித்துவிடுவாள் என்று படிக்கும்போதே தெரிந்தது, ஏனென்றால் பணம் வந்தாலும் வராவிட்டாலும் அவள் அடுத்த வாரம் அங்கே போகத்தான் போகிறாள்.

நாம் எடுக்கப்போகும் இடம் வீட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பது திட்டத்தில் ஒளிந்திருக்கும் பெரிய கேள்வி. சின்னத் தொகையை வைத்துக்கொண்டு தூரமாகப் போனால் மொத்தப் பணமும் டிக்கெட்டிலும் லாட்ஜிலும் போய்விடும். பக்கத்தில் இருந்தால் அதே பணம் நாட்களாக மாறும். ஆவணப் புகைப்படம் எடுப்பவனுக்கு நாட்கள்தான் வேண்டும்.

நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு வசதி உண்டு, அதைத் திட்டத்தில் எழுத யாருக்கும் தோன்றுவதில்லை. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. தை, ஆவணி என்றால் முகூர்த்த நாள் முழுக்க ஆர்டர், ரிசப்ஷன் முடிந்து லைட்டைக் கழற்றும்போது விடிந்துவிடும், வேறு எதையும் யோசிக்க முடியாது. அதனால் என் திட்டத்தில் ஆடி முழுக்கவும் மார்கழி முழுக்கவும் களத்தில் இருப்பேன், நடு மாதங்களில் படங்களைத் தேர்ந்தெடுத்துத் தொகுப்பேன், கல்யாண வருமானத்தில் வாடகை கட்டுவேன் என்று வெளிப்படையாக எழுதியிருந்தேன். நேர்காணலில் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். தேர்வுக் குழுவில் இருந்த வடநாட்டுக்காரர் ஒருவருக்கு ஆடி மாதம் என்றால் என்ன என்று விளக்க வேண்டியிருந்தது, அதுவும் நல்லதுக்குத்தான் முடிந்தது. முழு நேரக் கலைஞனாகக் காட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்து வயிற்றுப்பாட்டு வேலையை மறைப்பவர்கள் அதிகம். மறைத்தால் இவன் எப்படிச் சாப்பிடுவான், பாதியில் விட்டுவிட்டு ஓடிவிடுவானா என்ற சந்தேகம்தான் வரும்.

எழுதும் மொழியைப் பற்றி. ‘மானுட வாழ்வின் ஆழ்ந்த வலிகளை ஒளியும் நிழலுமாக’ என்று ஆரம்பிக்கும் எதையும் நான் இப்போது இரண்டாம் வரிக்கு மேல் பொறுமையாகப் படிப்பதில்லை, கடமைக்காகத்தான் படிக்கிறேன். சமீப காலமாக ஏஐ எழுதிக் கொடுக்கும் வழவழப்பான ஆங்கிலத்தில் ஏராளமாக வருகின்றன. இதில் தமிழ்நாட்டு மாணவர்கள் மேல் எனக்குக் கோபத்தைவிட வருத்தம்தான் அதிகம், ஆங்கிலம் வராது என்ற பயத்தில்தான் அப்படிச் செய்கிறார்கள். முதலில் தமிழில் எழுதுங்கள். நண்பனுக்கு வாட்ஸப்பில் வாய்ஸ் மெசேஜ் அனுப்புவது போலப் பேசிவிட்டு அதைக் கேட்டு எழுதினாலும் சரி. அப்புறம் ஆங்கிலம் தெரிந்த ஒருவரிடம் உட்கார்ந்து, நீங்கள் சொன்னது மட்டும் வருகிறதா என்று பார்த்து மாற்றுங்கள். சின்னச் சின்ன வாக்கியமாக, இலக்கணப் பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை. சில நிதிகளில் வேறு மொழியில் அனுப்பலாமா என்று மின்னஞ்சல் போட்டுக் கேட்டால் அனுப்பச் சொல்வார்கள். கேட்பதால் யாரும் பெயரை அடிக்கப் போவதில்லை.

படத் தேர்வில் நடப்பது வேறு விதமான கூத்து. 12 படம் கேட்டால் 12 தனித்தனி நல்ல படங்களை அனுப்புகிறார்கள், ஒவ்வொன்றும் இன்ஸ்டாகிராமில் லைக் வாங்கியது. தொடருக்கு அது உதவாது. ஒரு இடத்தைக் காட்டும் படம், ஒரு ஆளின் முகம், கை செய்யும் வேலை, வீட்டுக்குள் ஒரு மூலை, ஒன்றுமே நடக்காத ஒரு படம், இப்படிக் கலந்து இருந்தால்தான் பார்ப்பவர் உள்ளே போவார். நான் செய்வது இது: லேபில் மேக்ஸி என்கிற சின்ன சைஸில் எல்லாவற்றையும் பிரிண்ட் போட்டுத் தரையில் பரப்பி வைப்பேன். திரையில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதைவிட இது எனக்கு வேகமாக வருகிறது, செலவும் பெரிதில்லை. புகைப்படம் தெரியாத ஒருவரைக் கூப்பிட்டு, இதில் என்ன நடக்கிறது என்று கேட்பேன். என் அக்கா ஒரு முறை நான் மிகவும் பெருமைப்பட்ட ஒரு படத்தைக் காட்டி, ‘இந்த ஆள் யாரு, வேற எங்கயும் வரலையே’ என்றாள். எடுத்துவிட்டேன். கல்யாணப் படங்களையும் தொடரையும் ஒரே ஃபோல்டரில் கலந்து அனுப்பாதீர்கள், தனியாகக் கேட்டால் மட்டும் அனுப்புங்கள்.

படக்குறிப்பு எழுதுவதை எல்லோரும் கடைசி இரவுக்குத் தள்ளுகிறார்கள். யார், என்ன செய்கிறார், எந்த ஊர், எந்த மாவட்டம், எந்தத் தேதி. இதுபோக ஒரே ஒரு வரி, படத்தில் தெரியாத ஒரு தகவல். ‘நம்பிக்கையின் விழிகள்’ என்று தலைப்பு வைப்பதற்கு இது இடமில்லை. சரியான குறிப்பு இருந்தால், படம் எடுத்தவர் அங்கே இருந்தவர்களோடு பேசியிருக்கிறார் என்று தெரியும். பெயர் வேண்டாம் என்று யாராவது சொல்லியிருந்தால் அதையும் எழுதுங்கள். தகவலை ஃபைலுக்குள்ளேயே பதித்துவிடுங்கள், படங்களைத் திருத்தும் லைட்ரூம் மென்பொருளில் ஐபிடிசி என்ற பகுதி அதற்குத்தான் இருக்கிறது. அவர்கள் சொன்ன அளவில், ஜேபெக் ஃபைலாக, எஸ்ஆர்ஜிபி என்ற நிற அமைப்பில் அனுப்புங்கள். வாட்ஸப்பில் போய் வந்த படத்தை மட்டும் அனுப்பாதீர்கள், திறந்ததும் தெரிந்துவிடும். கேமராவில் பதிவான அசல் ஃபைலை, அதாவது ரா ஃபைலை, பத்திரமாக வைத்திருங்கள். வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டி மாதிரிப் பெரிய இடங்களில் கடைசிக் கட்டத்தில் அசல் ஃபைலைக் கேட்டு ஒப்பிட்டுப் பார்ப்பது வழக்கம், சின்ன நிதிகளும் இப்போது அதே வழிக்கு வந்துகொண்டிருக்கின்றன, ஏஐ வந்த பிறகு இன்னும் அதிகமாக.

செலவுக் கணக்கு. கேமரா வாங்கப் பணம் கேட்கலாமா என்பதுதான் எனக்கு அதிகமாக வரும் கேள்வி. பெரும்பாலான இடங்களில் வேலையை முடிக்கத்தான் பணம், சாமான் வாங்க இல்லை. தேவையென்றால் லென்ஸை வாடகைக்கு எடுப்பதாகப் போடுங்கள். 60,000 ரூபாய்க்கு ஒரு கணக்கு எப்படி இருக்கலாம் என்றால், பஸ், ஷேர் ஆட்டோ, பெட்ரோல் எல்லாம் சேர்த்து 14,000, களத்தில் சாப்பாடும் தங்கலும் 12,000, ஹார்ட் டிஸ்க் 2 வாங்க 10,000, தொகுப்புக்கும் கடைசிக்கும் பிரிண்ட் 8,000, மொழிபெயர்த்துக் கொடுப்பவருக்கோ கூட வந்து வழிகாட்டுபவருக்கோ 6,000, படம் எடுக்கப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் பிரிண்டுக்கு 3,000, மிச்சம் 7,000 உங்கள் கூலி. கூலி போடாமல் விடாதீர்கள். ‘எனக்கு ஒன்றும் வேண்டாம்’ என்று எழுதுவது தியாகம் போலத் தோன்றும், ஆனால் படிப்பவருக்கு இந்த ஆள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்றுதான் படும். அதே சமயம் முழு எண்ணாக 50,000 பயணம், 10,000 இதர செலவு என்று 2 வரியில் முடிப்பதும் அதே லட்சணம்தான்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால் பெரிய பெயரைத் தேடி ஓடாதீர்கள். ஒரு பட்டறையில் ஒரே ஒரு தடவை பார்த்த பிரபலம் எழுதும் கடிதத்தில் உங்களைப் பற்றி ஒன்றும் இருக்காது. நீங்கள் தூக்கக் கலக்கத்தில் லைட் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்த ஸ்டுடியோ முதலாளி, ‘இவன் சொன்ன தேதியில் ஆல்பம் கொடுப்பான்’ என்று எழுதினால் அதற்கு மதிப்பு அதிகம். எங்கள் நிதியில் ஒரு முறை அப்படி ஒரு ஸ்டுடியோக்காரர் லெட்டர்பேடில் பேனாவில் எழுதியிருந்தது எங்களையெல்லாம் ஒரு பக்கம் சாய்த்துவிட்டது.

கிடைக்காமல் போவதுதான் வழக்கம், எண்ணிப் பார்த்தால் கொடுக்கப்படுவது ஒன்றோ இரண்டோ இடம்தான். ஆனால் எழுதிய திட்டம் வீண் இல்லை. ஒரு முறை ஒழுங்காக எழுதிவிட்டால் அதே பத்திகளை மாற்றி அடுத்த இடத்துக்கு அனுப்பலாம். ஏன் கிடைக்கவில்லை என்று மரியாதையாக ஒரு வரி கேளுங்கள், எல்லோரும் பதில் சொல்ல மாட்டார்கள், சின்ன நிதி நடத்துபவர்கள் சில சமயம் நீளமாகவே சொல்வார்கள். வயது வரம்பு நெருங்குகிறது என்றால் தள்ளிப்போடாமல் இந்த வருடமே அனுப்பிவிடுங்கள். வயது வரம்பைப் பற்றி எனக்கே சண்டை உண்டு. கல்லூரி முடித்து, தங்கை கல்யாணக் கடன் அடைத்து, 32 வயதில்தான் சொந்தமாக ஒரு படம் எடுக்க ஆரம்பிப்பவர்கள் நம் பக்கம் நிறைய, அவர்கள் எந்த விதியிலும் ‘இளம்’ இல்லை. எங்கள் நிதியில் வயதை எடுத்துவிட்டு, தொழிலுக்கு வந்து எத்தனை வருடம் என்று கேட்கலாம் என்று சொல்லியிருக்கிறேன். பேச்சு இன்னும் முடியவில்லை.

கிடைத்துவிட்டால் பணம் பெரும்பாலும் இரண்டு தவணையாக வரும், முதல் தவணைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் ஒரு அறிக்கை கேட்பார்கள். அறிக்கை என்றதும் பயப்பட வேண்டாம், எடுத்த படங்களில் சில, என்ன நடந்தது, திட்டத்தில் எது மாறியது, அவ்வளவுதான். மாறுவது தப்பில்லை. நான் எடுக்கப் போன குடும்பம் நடுவில் ஊரைவிட்டே போய்விட்டது, உடனே மின்னஞ்சல் போட்டுச் சொன்னேன், வேறு ஆட்களோடு தொடரச் சொன்னார்கள். எல்லாரும் கவலைப்படுவது மாற்றத்தைப் பற்றி இல்லை, ஆறு மாதம் சத்தமே இல்லாமல் போய்விடும் ஆட்களைப் பற்றித்தான். யார் நினைவாக நிதி இருக்கிறதோ அவர் வீட்டாருக்கு வருடத்துக்கு ஒரு தடவை ஒரு பிரிண்ட் அனுப்புங்கள், விதியில் இல்லாவிட்டாலும்.

வெளிநாட்டுப் பணம் என்றால் சில சில்லறை வேலைகள். வங்கியில் இது எதற்கான பணம் என்று ஒரு பர்பஸ் கோட் கேட்பார்கள், நிதி அனுப்பிய கடிதத்தைக் கையில் வைத்திருங்கள். நடுவில் இருக்கும் வங்கிகள் கட்டணம் பிடிப்பதால் சொன்ன தொகையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் கணக்கில் ஏறும், கணக்குப் போடும்போதே அதற்கு இடம் விடுங்கள். அமெரிக்க நிதி என்றால் டபிள்யூ-8பென் என்று ஒரு வரிப் படிவம் கேட்க வாய்ப்பு உண்டு. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம் 2010, பதிவு பெற்ற பத்திரிகைகளின் செய்தியாளர், கட்டுரையாளர், ஆசிரியர் போன்றவர்கள் வெளிநாட்டு நிதி வாங்குவதைத் தடுக்கிறது, உதவித்தொகை, ஸ்டைபெண்ட் மாதிரியானவற்றுக்கு அதில் விலக்கு இருக்கிறது, ஆனால் உங்களுக்கு வரும் பணம் அந்த விலக்கில் சேருமா என்று நீங்களாக முடிவு செய்ய முடியாது. அதனால் ஏதாவது பத்திரிகையில் வேலை செய்பவராக இருந்தால், விண்ணப்பிக்கும் முன்பே ஒரு ஆடிட்டரிடம் உட்கார்ந்து கேட்டுவிடுங்கள். வருமான வரியும் அப்படித்தான். படிப்புச் செலவுக்கான உதவித்தொகைக்கு இருக்கும் விலக்கு, படம் எடுக்கும் திட்டத்துக்குக் கொடுக்கும் பணத்துக்கும் பொருந்தும் என்று நீங்களாக முடிவு செய்துகொள்ளாதீர்கள்.

அப்புறம் இனிஷியல். பான் கார்டில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் வெறும் இனிஷியல், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் குடும்பப் பெயராக, விண்ணப்பத்தில் இன்ஸ்டாகிராமுக்கு வைத்த பெயர். பணம் வந்து வங்கியில் நிற்கும்போதுதான் இந்தக் குழப்பம் தெரியும், பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பிவிடவும் செய்வார்கள். விண்ணப்பத்தில் வங்கிக் கணக்கில் இருக்கும் பெயரையே எழுதுங்கள், படத்துக்குக் கீழே வர வேண்டிய பெயர் வேறு என்றால் அதைத் தனிக் கட்டத்திலோ மின்னஞ்சலிலோ சொல்லுங்கள்.